அதே இடத்தில் நின்று மறுபடியும் ஒரு படம்

பழைய கட்டடங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், பழைய மண்டபம் ஒன்றைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை போட்டோகிராமெட்ரி முறையில் பதிவு செய்ததைப் பற்றி எழுதியிருந்தேன். சாதாரணப் படங்களை நிறைய எடுத்து, அவற்றிலிருந்து கட்டடத்தின் முப்பரிமாண உருவத்தை அளவோடு வரவழைக்கும் முறை அது. கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பாதிப் பேர் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: கையில் இருப்பது போதும், முதலில் அதில் பழகுங்கள். மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.


கேள்வி: கோயிலுக்குப் போனால் நாங்களும்தான் படம் எடுக்கிறோம். படத்திலிருந்து அளவு எப்படி வரும்? (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், திருவாரூர்)

பதில்: ஒரே ஒரு படத்திலிருந்து வராது ஐயா. பக்கத்தில் நிற்கும் சின்னத் தூணும் தள்ளி நிற்கும் பெரிய தூணும் ஒரு படத்தில் ஒரே உயரமாகத் தெரியலாம். இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு படம் எடுங்கள். பக்கத்துத் தூண் படத்தில் நிறைய இடம் மாறியிருக்கும், தள்ளி நிற்பது கொஞ்சம்தான் மாறியிருக்கும். அந்த வித்தியாசத்தில் தூரம் ஒளிந்திருக்கிறது. நீங்கள் வகுப்பில் நடத்திய முக்கோணம்தான்: ஒரு பக்கமும் அதன் இரண்டு முனைக் கோணங்களும் தெரிந்தால் மூன்றாவது முனை எங்கே என்று சொல்லிவிடலாம்.

கணினி இதையே லட்சக்கணக்கான தடவை செய்கிறது. கல்லில் ஒரு வடு, காரையில் ஒரு கறை என்று ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கான அடையாளங்களைப் பொறுக்கி, அதே அடையாளம் வேறு எந்தெந்தப் படங்களில் வருகிறது என்று பொருத்துகிறது. அதை வைத்து, ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது கேமரா எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது, அந்தக் கறை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே கணக்காகப் போட்டுத் தீர்க்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி வரும் உருவத்துக்கு வடிவம் சரியாக இருக்கும், அளவு இருக்காது. தஞ்சைப் பெரிய கோயிலையும், தஞ்சாவூரில் நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் பெரிய கோயிலையும் வெறும் படங்களை மட்டும் வைத்துக் கணினியால் பிரித்தறிய முடியாது. அதனால் நீளம் தெரிந்த ஏதாவது ஒரு பொருள் படங்களுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஓர் அளவுகோல் போதும். அது இல்லாத பதிவை நான் பதிவாகவே எண்ணுவதில்லை.


கேள்வி: இதை முதலில் செய்தவர் யார்? நம் ஊரில் யாராவது? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: கட்டடங்களுக்கு என்றால் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற ஜெர்மானியரைத்தான் சொல்வார்கள். 1858இல் வெட்ஸ்லர் நகரத்துத் தேவாலயத்தை அளந்து வரைபடம் போடும் வேலை அவருக்கு. அப்போது அவர் இளம் கட்டடப் பொறியாளர். சாரம் கட்டினால் செலவு என்பதால் அதில்லாமலே மேலே ஏறி இறங்கி அளந்துகொண்டிருந்தவர், ஒரு நாள் மாலை கோபுரத்திலிருந்து விழ இருந்து மயிரிழையில் தப்பினார். இப்படி உயிரைப் பணயம் வைத்து டேப்பைப் பிடிப்பதற்குப் பதிலாகப் படமெடுத்துப் படத்தை அளந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். போட்டோகிராமெட்ரி என்ற பெயரும் அவர் வழியாகத்தான், 1867இல், அச்சுக்கு வந்தது.

இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் விடாமல் மன்றாடி, 1885இல் பெர்லினில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனத்தைத் தொடங்க வைத்தார். 1920 வரை அவர்கள் எடுத்தது 2,600 கட்டடங்கள் அளவில், கண்ணாடித் தகடுகள் சுமார் 20,000. பெரிய தகடுகள் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர். கட்டடங்கள் அழிந்தாலும் அவற்றின் அளவாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் மனிதருடைய எண்ணம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, சிதைந்த கட்டடங்களைத் திரும்ப எழுப்பியபோது அந்தத் தகடுகளைத் தேடிப் போனார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அதே 1858. தஞ்சாவூரில் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் ஒரே படத்தில் பிடிக்கப் பார்க்கவில்லை. சுவரை ஒட்டியே கேமராவை நகர்த்திக்கொண்டு போய் வரிசையாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டியபோது 19 அடி நீளத்துக்கு வந்தது. அளவெடுக்கும் கணக்கு எதுவும் அவர் போடவில்லை, அதனால் இது போட்டோகிராமெட்ரி ஆகாது. ஆனால் கால் செய்த வேலை அதேதான்: நின்ற இடத்தில் கேமராவைத் திருப்பாமல் சுவருக்கு இணையாக நடப்பது. இன்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் அந்த நடையைத்தான்.


கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீட்டை இடித்து மரத்தை விற்றுவிடப் பங்காளிகள் முடிவு செய்துவிட்டார்கள். என்னால் தடுக்க முடியவில்லை. போனால் படமெடுத்து வைத்தால் போதுமா? எத்தனை படம்? (வாசகி, காரைக்குடி)

பதில்: போதும் அம்மா. ஆனால் சாமான்களை எடுக்க ஆள் வருவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். தூணை எடுத்த பிறகு தூண் இருந்த இடத்தைப் படமெடுத்து என்ன பயன்?

செட்டிநாட்டு வீடு இந்த வேலைக்குக் கொஞ்சம் அடம்பிடிக்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். அதில் கணினி பிடித்துக்கொள்ள ஒரு கறை, ஒரு கீறல் கிடைக்காது. பர்மா தேக்குத் தூண் பளபளக்கும், நாம் நகர நகர அதன் மினுக்கமும் நகரும். பெல்ஜியம் கண்ணாடி இன்னும் மோசம், அதற்குள் இன்னொரு வளவு (நடு முற்றம்) இருப்பதாகக் கணினி நம்பிவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லோ ஒரே பூ திரும்பத் திரும்ப வருவதால் எந்தப் பூ எது என்று குழப்பும்.

அதனால் சில வேலைகள். கண்ணாடிகளைத் துணியால் மூடுங்கள், அவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். வழுவழுப்பான சுவர் முன்னால் ஒரு நாற்காலி, அதன் மேல் நல்ல கட்டம்போட்ட போர்வை, பக்கத்தில் நாலு பித்தளைப் பாத்திரம் வேண்டாம் (பளபளப்பு!), நாலு மரப்பெட்டி என்று வையுங்கள். வைத்ததை அந்த அறையை முடிக்கும்வரை யாரும் நகர்த்தக் கூடாது. சுவரில் எதையும் பசைபோட்டு ஒட்டாதீர்கள். தரையில் எண் எழுதிய தாள்களை அங்கங்கே போட்டு ஓரத்தில் கனம் வைத்தால் ஆத்தங்குடிப் பூக்களின் குழப்பம் தீரும்.

படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். போனில் 0.5 என்று வரும் அகலக் கோணம் வேண்டாம், 1 என்பதிலேயே இருங்கள். பெரிதாக்கி எடுக்காதீர்கள். மேகம் போட்ட நாளாகப் பார்த்து, எல்லாக் கதவையும் திறந்துவைத்து எடுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் முக்கால் பங்காவது பொதுவாக இருக்கட்டும். முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, நெஞ்சுயரத்தில் ஒரு சுற்று, கையைத் தூக்கி ஒரு சுற்று. அறையின் நடுவில் நின்று சுழன்று சுழன்று எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஆழம் வரவே வராது. ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து எதிர்ச் சுவரை எடுத்துக்கொண்டே பக்கவாட்டில் நகருங்கள்.

முகப்பிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு என்று நிலைவாசலைத் தாண்டும் இடங்களில்தான் பதிவு அறுந்துபோகும். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று, நிலைக்குள் நின்று, அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்து என்று அங்கே மட்டும் தாராளமாக எடுங்கள். ஓர் அறைக்கு இருநூறு படம் ஆனால் கவலைப்படாதீர்கள். முழு வீட்டுக்கு ஆயிரங்களில் போகும்.

அளவுக்கு, வளவுத் தரையில் ஓர் எஃகு டேப்பை நீட்டிவைத்துப் படத்தில் விழும்படி செய்யுங்கள். இன்னொரு நீளத்தை, உதாரணமாக நிலைவாசலின் அகலத்தை, அளந்து நோட்டில் மட்டும் எழுதுங்கள். முதலாவதை வைத்து உருவத்துக்கு அளவு கொடுத்துவிட்டு, இரண்டாவது நோட்டில் உள்ளபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பதிவு நம்பத்தக்கது.

படங்களை உருவமாக்க மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம். அதற்கு என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். அதை நீங்களே செய்ய வேண்டியதில்லை, இப்போதே செய்ய வேண்டியதும் இல்லை. வீடுதான் காத்திருக்காது. படங்கள் காத்திருக்கும்.

அப்புறம் ஒன்று. யார் எந்த அறையில் படுத்தார்கள், சாமி வீட்டு அறை யார் பொறுப்பில் இருந்தது, நெல் எங்கே கொட்டினார்கள் என்பதெல்லாம் எந்தக் கேமராவிலும் வராது. ஆச்சி இருந்தால் உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.


கேள்வி: சின்ன டிரோனை எங்கும் பறக்கவிடலாம் என்கிறார்களே, சரியா? டிரோன் இல்லாமல் கோபுரத்தை எடுக்க முடியுமா? (கோயம்புத்தூர்)

பதில்: முக்கால்வாசி முடியும். 250 கிராமுக்குள் உள்ள சின்ன டிரோனுக்கு 2021 டிரோன் விதிகளில் சலுகைகள் உண்டு என்பதை வைத்துக்கொண்டு எங்கும் பறக்கவிடலாம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் எடை எதுவானாலும் அனுமதி வேண்டும். அதுவரை, பெயின்டர்கள் வைத்திருக்கும் நீளக் கம்பின் நுனியில் கேமராவைக் கட்டி, போனிலிருந்து இயக்கிப் பாருங்கள். எதிர்வீட்டு மொட்டை மாடியும் நல்ல இடம், காபியும் கிடைக்கும்.


கேள்வி: எங்கள் ஊர்க் கோபுரத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். “அது அந்தக் காலத்திலிருந்தே இருக்கு” என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கு அது வளர்வதாகத் தோன்றுகிறது. இந்த முறையில் கண்டுபிடிக்கலாமா? (திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுதையும் கொடுக்கலாம். “அந்தக் காலத்திலிருந்தே” என்பது உண்மையாக இருக்கலாம். நிறைய விரிசல்கள் பல தலைமுறை அசையாமல் நிற்பவைதான். ஆனால் ஸ்ரீகாளஹஸ்தியை மறக்க முடியுமா? கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம், 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது. அதற்கு முன்பே விரிசல்களைக் கண்ணால் பார்த்துப் பேசியிருந்தார்கள். பார்ப்பது வேறு, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகச் சொல்வது வேறு. எண் இருந்தால்தான் ஃபைல் நகரும்.

முதலில் உங்கள் கேமரா எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்று கணக்குப் போடுங்கள். சாதாரண போன் கேமரா 6 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 9 மீட்டர் அகலச் சுவரைப் பிடிக்கும். படத்தில் குறுக்காக 4,000 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி இரண்டே கால் மில்லிமீட்டர். 2 மீட்டருக்கு நெருங்கினால் முக்கால் மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் விரிசல் மாற்றத்தை 6 மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, புள்ளியின் அளவு தெரிந்துவிட்டது. அது மட்டும் போதாது. ஒரே சுவரை ஒரே நாளில் இரண்டு தடவை, முதலிலிருந்து மறுபடியும் நடந்து, எடுத்துப் பாருங்கள். இரண்டு உருவத்தையும் தனித்தனியாகச் செய்து ஒப்பிட்டால் கொஞ்சம் வித்தியாசம் வரும். சுவர் அசையவில்லை, ஆகவே அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் முறையின் பிசகு. அடுத்த ஆண்டு வரும் வித்தியாசம் அந்தப் பிசகைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருந்தால்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அடுத்தது, நிறையப் பேர் சறுக்குகிற இடம். கிளவுட்கம்பேர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, இரண்டு ஆண்டு உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வித்தியாசத்தை நிறமாகக் காட்டும். வைக்கும்போது “தானாகப் பொருத்து” என்று சொன்னால் இரண்டும் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கும்படி திருப்பி, சாய்த்து வைத்துவிடும். கோபுரம் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். திரையில் எல்லாம் பச்சை. ஊருக்கே நிம்மதி. கோபுரம் மட்டும் சாய்ந்தபடியே இருக்கும். பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறிப்போமே, அந்த நிலையே இறங்கிக்கொண்டிருந்தால் குறியை வைத்து என்ன சொல்வது?

அதனால் கோபுரத்துக்கு வெளியே, அது அசைந்தாலும் அசையாத இடங்களில், நிலைப்புள்ளிகள் வேண்டும். தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் கற்கட்டு, ஆழமான அடித்தளம் உள்ள கட்டடம் மாதிரி. கோயில் கல்லில் துளை போடாதீர்கள். வெளியே பித்தளை ஆணிகள் அடித்து, அங்கிருந்து ஒவ்வொரு தடவையும், கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் கோபுரத்தில் அடையாளம் தெரிகிற சில இடங்களை அளந்துகொள்ள வேண்டும். ஓர் யாளியின் பல், ஒரு கல்லின் மூலை போதும். இரண்டு ஆண்டு உருவங்களும் அந்த ஆணிகளின் கணக்கில் உட்கார வேண்டும், ஒன்றோடொன்று அல்ல. சர்வேயர் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நாளையும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் செங்கல்லும் காரையும் விரியும், மார்கழியில் சுருங்கும். டிசம்பரில் ஒரு பதிவும் அடுத்த மே மாதத்தில் ஒரு பதிவும் எடுத்து ஒப்பிட்டு, விரிசல் மூடிவிட்டது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மாதம், அதே நேரம், முடிந்தால் அதே இடத்தில் நின்று எடுங்கள்.

கடைசியாக, விரிசல் ஒன்றின் அகலம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் இவ்வளவு பாடுபட வேண்டாம். பொதுப்பணித் துறைக்காரர்கள் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் பூசி, தேதி எழுதிவிடுவார்கள். அசைந்தால் கண்ணாடி உடையும். பழைய வழி, நல்ல வழி. மில்லிமீட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் அளவியும் கிடைக்கிறது. போட்டோகிராமெட்ரி சொல்வது வேறு: கோபுரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த நிலையில் வயிறு தள்ளுகிறது, எந்தச் சுதைச் சிற்பத்தின் கை போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லை. இரண்டையும் சேர்த்து வையுங்கள். வளர்கிறது என்று தெரிந்தால், பதிவை எடுத்துக்கொண்டு கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள். காரணத்தைப் படம் சொல்லாது. நிலத்தடி நீர் இறங்கியதா, ஆலஞ்செடி வேர் விட்டதா, பக்கத்தில் ஆழ்துளை போட்டார்களா என்பதை அவர்தான் தேட வேண்டும்.


கேள்வி: எத்தனை ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும்? (புதுக்கோட்டை)

பதில்: விரிசல் இருந்தால் ஆண்டுக்கு ஒன்று. மற்றபடி கோயில்களுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாட்காட்டி இருக்கிறது: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வரும் கும்பாபிஷேகம். திருப்பணி தொடங்கிப் பாலாலயம் செய்வதற்கு முன்னால் ஒரு பதிவு கட்டாயம் வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு சுதைச் சிற்பத்துக்கு மூக்கு புதிதாக வரும், மூன்று அடுக்கு வண்ணம் ஏறும், சில இடங்களில் பழைய காரையை உரித்து சிமென்ட் போடுவார்கள், தரையில் டைல்ஸ் வந்து கல்வெட்டின் கடைசி வரி உள்ளே போய்விடும். சவுக்குச் சாரம் நிற்கும்போது மேஸ்திரியிடம் நல்லபடியாகக் கேட்டுக்கொண்டு ஒரு தடவை ஏறி எடுங்கள். கீழேயிருந்து எந்த லென்ஸுக்கும் கிடைக்காத நெருக்கம் அங்கே கிடைக்கும். எல்லாம் முடிந்த பிறகு ஒன்று.

முதல் பதிவுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் சில நேரம் வயிறு எரியும். மழையும் வெயிலும் நூறு ஆண்டில் செய்யாததைத் திருப்பணி ஆறு மாதத்தில் செய்திருக்கும்.


கேள்வி: வலிகாமம் வடக்கிலை இருந்த எங்கடை அம்மம்மாவின் வீடு 1990 இடப்பெயர்வுக்குப் பிறகு அழிஞ்சு போச்சு. காணி திரும்பக் கிடைச்சுது, வீடு இல்லை. கலியாண அல்பத்திலை உள்ள படங்கள் மட்டும் இருக்கு. அதிலை இருந்து வீட்டை வரவழைக்கலாமோ? (யாழ்ப்பாணம்)

பதில்: முழுசாக வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரலாம்.

பாமியான் புத்தர் சிலைகள் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பிறகு சூரிச் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்மின் குருன், ஃபாபியோ ரெமோண்டினோ, லி ஜாங் ஆகியோர் பெரிய புத்தரைக் கணினியில் மீட்டார்கள். இணையத்தில் கிடைத்த படங்களிலும் சுற்றுலாப் படங்களிலும் முயன்றார்கள். மிகச் சிறப்பாக வந்தது, 1970இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கோஸ்ட்கா என்ற பேராசிரியர் அளவீட்டு கேமராவால் எடுத்திருந்த மூன்றே மூன்று படங்களிலிருந்துதான். அங்கியின் மடிப்புகளைக் கணினி தானாகக் கண்டுபிடித்தது போதவில்லை, கையால் ஒவ்வொரு மடிப்பாகக் குறிக்க வேண்டியிருந்தது. சிரியா, ஈராக் நாடுகளில் அழிந்தவற்றுக்கு 2015இல் தொடங்கிய ஒரு முயற்சி, சுற்றுலாப் பயணிகளிடமிருந்தே படங்களைத் திரட்டியது.

கல்யாண ஆல்பத்தில் சிக்கல் என்னவென்றால் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருப்பார்கள். மாப்பிள்ளை பெண் நடுவில், பின்னால் அதே கதவு. கோணம் மாறாவிட்டால் முக்கோணம் இல்லை. அதனால் தேடலை விரியுங்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் சொந்தக்காரர்களின் ஆல்பங்களில் சாமத்திய வீடு, பிறந்தநாள், விறாந்தையில் சைக்கிளோடு நிற்கும் மாமா என்று எது கிடைத்தாலும் கேளுங்கள். ஆட்கள் யார் என்பது நமக்கு முக்கியமில்லை, அவர்களுக்குப் பின்னால் எந்தச் சுவர் என்பதே முக்கியம். பழைய வீடியோ கசெட் இருந்தால் இன்னும் நல்லது, கேமரா நடந்திருக்கும். படத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். ஓரம் வெட்டாமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

காணியில் அத்திவாரம் மிஞ்சியிருந்தால் அதுதான் உங்கள் அளவுகோல். இப்போதே அளந்து, படமெடுத்து வையுங்கள், புது வீடு போடுவதற்கு முன்னால். கிணற்றுக் கட்டு, படிக்கல், எங்காவது எடுத்துவைத்த ஒரு கதவு நிலை எல்லாம் உதவும். ஒரே படமாக இருந்தாலும், நேரான சுவர்க் கோடுகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நீட்டிப் பார்த்து, தெரிந்த ஓர் அளவை வைத்து, ஒரு முகப்பின் உயர அகலத்தைக் கணக்கிட வழி உண்டு. இப்படி வரும் வீட்டில், படத்திலிருந்து வந்த பகுதி எது, அம்மம்மா சொன்னதை வைத்து வரைந்தது எது என்பதை வேறு வேறு நிறத்தில் காட்டச் சொல்லுங்கள்.


கேள்வி: லேசர் ஸ்கேனர் வந்த பிறகு படமெடுத்துக் கஷ்டப்படுவது எதற்கு? செயற்கை நுண்ணறிவு நாலு படத்தில் முழுக் கட்டடத்தையே தருகிறதே? (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

பதில்: லேசருக்கு நான் எதிரி இல்லை. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் லேசரால் நூறு கோடிப் புள்ளிகளுக்கு மேல் பதிவு செய்திருந்தார். 2018 நவம்பரில் அவர் இறந்தார். 2019 ஏப்ரலில் தேவாலயத்தின் கூரை எரிந்தது. 2024 டிசம்பரில் திரும்பத் திறக்கும்வரை நடந்த வேலையில் அவருடைய பதிவும் துணையாக இருந்தது. பெரிய கூடம், இருட்டு, வழுவழுப்பான சுவர் என்றால் லேசர்தான் மேல். வண்ணம், சுதை, கல்வெட்டு, செலவு என்று பார்த்தால் படம். பணம் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கிறேன். நாலு படத்திலிருந்து வரும் அந்த அழகான உருவத்தில், படத்தில் இல்லாத பின்பக்கத்தை இயந்திரம் ஊகித்து நிரப்பியிருக்கிறது. சுற்றிப் பார்க்க, பிள்ளைகளுக்குக் காட்ட, ரொம்ப நன்றாக இருக்கிறது. காணாமல்போன தூணை அது நட்டுவைத்துவிட்டால், தூண் காணாமல்போனது என்பதை அடுத்த தலைமுறை எப்படி அறியும்? ஆவணத்தில் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும்.


கேள்வி: கோயிலுக்குள் போனே கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். பிறகு எப்படி? (மதுரை)

பதில்: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது அது. திருட்டுத்தனமாக எடுக்கும் யோசனை வேண்டாம். நிர்வாக அதிகாரி வழியாக அறநிலையத் துறைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மூலஸ்தானம் வேண்டாம் என்பதை நீங்களே முதல் வரியில் எழுதுங்கள், பதிவின் ஒரு பிரதியைக் கோயிலுக்குத் தருவதாகவும் எழுதுங்கள். அர்ச்சகரிடமும் மெய்க்காவலரிடமும் நேரில் பேசுங்கள். நடை சாத்தியிருக்கும் மதிய வேளையில் வெளிப்பிராகாரத்தில் ஆளும் இருக்காது, வேலையும் வேகமாக நடக்கும்.


கேள்வி: எடுத்ததை ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டு கழித்து யாராவது திறக்க முடியுமா? (சிங்கப்பூர்)

பதில்: உருவத்தை ஒருவேளை திறக்க முடியாது. படங்களைத் திறக்கலாம். முப்பரிமாண உருவங்கள் அந்தந்த மென்பொருளோடு வாழ்ந்து அதோடு போகிறவை. படங்கள் அப்படியல்ல. இன்று எடுத்த அதே படங்களைப் பத்தாண்டு கழித்து வரும் நல்ல மென்பொருளில் போட்டால் இன்னும் நுணுக்கமான உருவம் வரும். மைடன்பாவரின் தகடுகளை அவர் கனவிலும் நினைக்காத கருவிகளில் வைத்து அளந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1950களிலிருந்து சேர்ந்த, லட்சத்தைத் தாண்டும் கோயில் படங்கள் இருக்கின்றன. போட்டோகிராமெட்ரிக்காக எடுத்தவை அல்ல, ஆனால் எந்தக் கோயிலில் எது எப்போது மாறியது என்று பார்க்க முதலில் நான் போய் நிற்கும் இடம் அதுதான்.

ஆகவே, இடம் போதவில்லை என்று உருவத்தை வைத்துக்கொண்டு படங்களை அழிக்காதீர்கள். அழிப்பதானால் உருவத்தை அழியுங்கள். மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். கூடவே சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று: எந்தக் கட்டடம், எந்த நாள், எத்தனை மணி, வெயிலா மேகமா, எந்த கேமரா, எந்த லென்ஸ், நிலைப்புள்ளிகள் எங்கே, அளவுகோலின் நீளம் எவ்வளவு, யார் எடுத்தது. நிலைப்புள்ளிகளுக்கு ஒரு கைவரைபடமும், நின்று படமெடுத்த இடங்களுக்கு ஒரு கைவரைபடமும் சேருங்கள். அடுத்து வருகிறவர் உங்களைப் பார்க்காமலே அதே இடங்களில் போய் நிற்கும்படி அவை இருக்க வேண்டும். காகிதத்தில் ஒரு நகலும் எடுத்துவையுங்கள்.

கோப்புகளின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், கட்டடத்தின் எந்தப் பக்கம், எந்த நிலை என்பது இருந்தால் போதும். “ஃபைனல்”, “ஃபைனல் புதுசு”, “இதுதான் ஃபைனல்” எல்லாம் வேண்டாம்.